உப்புத்தாள் படாத வயிறு

பட்டறையில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர் விழுந்ததற்குப் பாதிக் காரணம் வேலை, பாதிக் காரணம் வாய். துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்துகிறார்களே, ஆள் உயரப் பொம்மைகள், அவற்றைச் செய்யும் பட்டறை அது. அச்சிலிருந்து வரும் ஃபைபர் உடம்புகளைச் சொரசொரப்புப் போகத் தேய்ப்பது அவள் பாடு. முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நடுத்தரம், கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற மெல்லிய தாள். அவள் கை பட்ட தோளில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். அவள் வாயில் விழுந்தவன் தோலுரிந்துதான் வெளியே வருவான் என்றும் சொல்வார்கள். இரண்டையும் பாராட்டாகவே வாங்கி வைத்துக்கொண்டாள்.

பட்டறையில் கால்கள் உத்திரத்திலிருந்து தொங்கும். கைகள் மூலையில் ஒரு பீப்பாயில் கிடக்கும். தலைகள் அலமாரியில் வரிசையாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தலைகளையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். "பாவம், பார்த்துக்கிட்டே இருக்குதுங்க" என்பாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் பெயின்ட்காரி. பொம்மைகளுக்கு நிறம் அடிப்பவள், வயதில் இளையவள். களிமண்ணில் உருவம் பிடித்து அச்சு எடுப்பவர் அச்சுக்காரர். அவருக்கும் மேலே முதலாளி. அவர் கையில் தூசி பட்டு வெகு காலம் ஆகிறது.

இந்தக் கதை ஒரு வயிற்றைப் பற்றியது என்பதால், அந்த வயிறு வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு உப்புத்தாளின் வயிறு பழையபடி மூடிக்கொள்ளவில்லை. படுத்தபடி தலையைத் தூக்கினால் நடுவயிற்றில் வரப்பு மாதிரி ஒன்று எழும்பும். அதன் மேல் விரலை வைத்தால் இரண்டு பக்கத்துச் சதைக்கும் நடுவே விரல் இறங்கிப் போகும். குனிந்து தேய்த்தால் இடுப்பு விட்டுப் போகும். பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்து, "உட்காருங்கம்மா, எத்தனை மாசம்?" என்பார்கள். ஆரம்பத்தில் "மாசமெல்லாம் இல்லைங்க" என்று முகம் சிவந்து நின்றுகொண்டே வந்தாள். கொஞ்ச நாளில் அந்த வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். இடம் கொடுத்தால் உட்கார்ந்தாள். இடுப்பு வலி என்னவோ உண்மைதானே.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கும்போது அவருடைய தொப்பை மாட்டிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அவமானம் தாங்காமல் மறுநாளே தரையில் பாயை விரித்து உடற்பயிற்சியில் இறங்கினார். படுத்து எழுந்து, படுத்து எழுந்து, மூச்சு வாங்கினார்.

"நானும் செய்யறேங்க" என்று பக்கத்தில் படுத்தாள் இவள்.

ஒரே பாய், ஒரே பயிற்சி, ஒரே சோறு. அவர் சாயங்கால நொறுக்குத் தீனியை மட்டும் நிறுத்தினார். வெயில் காலம் முடிவதற்குள் அவர் வயிற்றில் கட்டுக் கட்டாகக் கோடு விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதே பிழைப்பாகிவிட்டது.

"தகரக் கூரை மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"வயித்தெரிச்சல்டி உனக்கு."

வயிற்றெரிச்சல்தான். அவர் தீனியை விட்டார் என்றால் இவள் சோற்றையே பாதியாக்கினாள். அப்புறம் பாதியில் பாதி. கன்னம் ஒட்டியது, கை மெலிந்தது, முடி கொட்டியது. வயிற்றில் கோடு விழவில்லை. படுத்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த நடு வரப்புதான் பெரிதாகிக்கொண்டு வந்தது. மாதவிலக்கும் நின்றுபோனது. மாமியார்தான் முதலில் கவனித்தாள்.

"என்னடி, மூணாவதா? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"அத்தை, சத்தியமா எனக்கே தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய், என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டு முடித்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் செய்யறதையே செய்யணும்னு யாரு சொன்னாங்க? பிள்ளை பெத்ததுல வயித்துச் சதை ரெண்டா விலகியிருக்கு. அது சேர்றதுக்கு முன்னாடி இப்படி மடங்கி மடங்கி எழுந்தா இன்னும்தான் விலகும். முதல்ல மூச்சை விட்டு வயித்தை உள்ளே இழுக்கிற பயிற்சி. அது பழகின பிறகு மத்ததெல்லாம்."

"அவருக்குக் கோடு வந்துடுச்சே டாக்டர்."

"வரும். ஆம்பளைக்குத் தோலுக்கு அடியில கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சாலே உள்ளே இருக்கிற கட்டு தெரிஞ்சிடும். அவருக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல. உங்க உடம்பு அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. பிள்ளைக்கு வேணும்னு இடுப்புலயும் அடிவயித்துலயும் பிடிச்சு வெச்சிருக்கும். அதையும் பறிச்சா, பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சு மாசவிலக்கை நிறுத்திடும். இப்படியே போனா எலும்பும் தேஞ்சுடும்."

"அப்ப எனக்குக் கட்டே கிடையாதா?"

"ஏன் கிடையாது? ரெண்டு பேருக்கும் அதே சதைதான், அதே இடத்துலதான். அவருக்கு ஆம்பளைச் சுரப்பு அதிகம், சதை தடிச்சு வரும். உங்களுக்கு அவ்வளவு தடிக்காது, ஆனா பலம் ஏறும். சில பொம்பளைங்களுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாலும் கோடு தெரியும், அது அவங்க உடல்வாகு. உங்க வாகு இது. போய் நல்லா சாப்பிடுங்க."

அன்று வீட்டுக்கு வந்து தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். மூணாவது இல்லை என்ற ஏமாற்றத்தோடு மாமியார் குழம்பு ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவள் அவர் பாயை விட்டுத் தனிப் பாய் விரித்துக்கொண்டாள். மூச்சை விடுவது, இழுப்பது, மெல்ல ஒரு காலை நீட்டுவது என்று கைக்குழந்தை விளையாட்டு மாதிரி ஆரம்பித்தது. அவர் சிரித்தார். அவள் விடவில்லை. மாதவிலக்கு திரும்பி வந்தது. பிளவு சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் விரல் வைத்தால் இறங்காமல் நின்றது. முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகையாகப் பிடிக்கும் பயிற்சியில் ஒருதரம் இரண்டு பேரும் போட்டி வைத்தார்கள். அவர் கை நடுங்கிப் பாயில் விழுந்தபோது அவள் அதே நிலையில் இருந்துகொண்டு மூத்தவனிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தாள். "எட்டுல தப்பு விட்டுட்டே, மறுபடி சொல்லு" என்றாள். பிறகு அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவள் வயிறு எப்படி இருந்தது என்றால், மார்புக்கூட்டின் அடியிலிருந்து தொப்புள் வரை நேராக ஒரு பள்ளக் கோடு. இரண்டு பக்கமும் லேசான நிழல். தொப்புளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அளவுக்கு மெத்தென்ற வளைவு. அந்த வளைவு போகவே இல்லை. அதை அவள் போகச் சொல்லவும் இல்லை. முழு பொம்மை உடம்பைத் தனியாகத் தூக்கி மேசை மேல் சாய்ப்பாள். இடுப்பு ஒரு முனகல் முனகாது.

இந்த நிலையில்தான் அந்த ஆர்டர் வந்தது. விளையாட்டு உடை விற்கும் புதுக் கடை. வயிறு தெரிகிற மாதிரி உடை போட்ட ஆண் பொம்மை, பெண் பொம்மை. இரண்டுக்கும் வயிற்றில் கட்டு வேண்டும் என்றார் கடைக்காரர்.

அச்சுக்காரர் ஆண் பொம்மையை அழகாகச் செய்தார். பெண் பொம்மைக்கு நேரம் இல்லை. ஆணின் வயிற்றையே இன்னொரு பிரதி எடுத்து, பழைய பெண் உடம்பில் வயிற்றை அறுத்த இடத்தில் பொருத்தி, சுற்றிலும் இருந்த இடைவெளியைப் பட்டிப் பசை பூசி அடைத்துவிட்டார். தேய்க்க அவளிடம் வந்தது. அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"அண்ணே, இது யாரு வயிறு?"

"பொம்பளை வயிறு."

"எந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளையா இருந்தா உனக்கென்ன? தேய்."

"போன வாரம் நான் தேய்ச்ச ஆம்பளைண்ணே இது. இந்த மூணாவது கட்டுக்கு அடியில இருக்கிற குழி என் விரலுக்குத் தெரியாதா? குடத்துல செங்கல்லை ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு."

"வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டுத் தேய்ம்மா."

வாயை மூடிக்கொண்டு தேய்த்தாள். கடைக்காரர் வந்து பார்த்தார். சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்னங்க இது? குஸ்திக்காரன் அவசரத்துல தங்கச்சி சட்டையை மாட்டிக்கிட்டு ஓடிவந்த மாதிரி இருக்கு?"

பெயின்ட்காரி முகமூடிக்குள்ளேயே சிரித்துவிட்டாள். கடை திறக்கும் நாள் நெருங்கிவிட்டது, உருப்படியாகச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனதும், முதலாளி அச்சுக்காரர் மேல் பாய்ந்தார்.

"கட்டு வேணும்னீங்க, கட்டு வெச்சேன்" என்றார் அச்சுக்காரர். "பொம்பளைக்குக் கட்டு எப்படி இருக்கும்னு எனக்கு யாரு காட்டியிருக்கா?"

"நான் காட்டறேன்" என்றாள் உப்புத்தாள்.

பெயின்ட்காரி பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். கம்ப்ரசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"என் வயித்துலேயே அச்சு எடுங்க. பெயின்ட்காரிதான் எடுக்கணும், நடுவுல திரை போடணும். அப்புறம் ஒண்ணு. எடுத்தது எடுத்தபடி இருக்கணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சம்மதமா முதலாளி?"

"சரி சரி, எடுங்க" என்று கையை வீசினார் முதலாளி. அந்தச் 'சரி சரி'யை அவள் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் அவள் வயிற்றில் வாஸ்லைன் தடவி, பெயின்ட்காரி பிளாஸ்டர் துணியை நனைத்து எடுத்தாள். திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

"அக்கா, உனக்கு நாள் நெருங்குதுன்னியே. வயிறு உப்பியிருக்குமே. அடுத்த வாரம் எடுக்கலாமா?"

"இதுவும் என் வயிறுதாண்டி. மாசம் பூரா ஒரே வயிறோட திரியறது ஆம்பளைங்களுக்குத்தான். போடு."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அச்சுக்காரர் குரல் கொடுத்தார். "படுக்கச் சொல்லும்மா! படுத்தா வயிறு தட்டையாகும், வேலை சுலபம்!"

"பொம்மை கடையில படுத்துக்கிட்டாண்ணே இருக்கப் போகுது? நிக்கத்தானே போகுது? நின்னுக்கிட்டுத்தான் எடுப்பேன்."

"அக்கா, சிரிக்காதே, துணி நழுவுது!"

பாதி மூச்சை விட்டு, வயிற்றை லேசாக இறுக்கி, அசையாமல் நின்றாள். ஈரமாக ஒட்டிய பிளாஸ்டர் இறுக இறுகச் சூடேறியது. வயிற்றில் யாரோ வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டின மாதிரி இருந்தது. பிரித்து எடுத்தபோது தோலோடு கொஞ்சம் உயிரும் கழன்று வருகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்த அச்சில் ஃபைபர் வார்த்து, பெண் உடம்பில் பொருத்தி நிறுத்தினார்கள். அச்சுக்காரர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், தொடலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். "களிமண்ணுல நான் பிடிச்சிருந்தா இந்தக் கீழ் வளைவை வெச்சிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா அது இல்லாட்டி உடம்பு நிக்காது போலிருக்கே." அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கடைக்காரர் மறுபடி வந்தார். மேலே பார்த்தார். "ஆகா" என்றார். கீழே பார்த்தார்.

"மேலே பிரமாதம். கீழே கொஞ்சம் தொப்பை இருக்கே. அதைத் தேய்ச்சு எடுத்துட்டு ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு வெட்டிடுங்க."

"அதுக்கென்ன, ஒரு நாள் வேலை" என்றார் முதலாளி. "உப்புத்தாள், தேய்ச்சுடும்மா."

"தேய்க்க மாட்டேன்."

"என்ன?"

"எடுத்தது எடுத்தபடின்னு சொன்னேன். சரி சரின்னீங்க."

"பொம்மைம்மா அது!"

"பொம்மை உங்களோடது. வயிறு என்னுது."

கடைக்காரர் சமாதானமாகச் சொன்னார்: "இதோ பாரும்மா, பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டாத்தானே ஜனங்க வாங்குவாங்க?"

"வாங்கட்டும். வாங்கிட்டுப் போய் வீட்டுல எது மேலே மாட்டுவாங்க? இந்த வயித்து மேலதான். இதைத் தேய்க்கத்தான் நான் ஒரு தடவை சோத்தை நிறுத்தினேன். உப்புத்தாள் இல்லாமலே தேய்ச்சேன். முடி கொட்டிச்சு, மாசவிலக்கு நின்னுச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். உடம்புல தேய்க்க முடியாததைப் பொம்மையில தேய்ச்சு வெச்சா, அதைப் பார்த்துட்டு இன்னொருத்தி சோத்தை நிறுத்துவா. என் கையால அது நடக்காது."

 கடைக்காரருக்கு முன்னால் கூலிக்காரி வாதம் பண்ணுகிறாளே என்று முதலாளிக்கு முகம் கறுத்தது.

"அப்ப வேலையை விட்டுட்டுப் போ!"

தேய்ப்பு மேலங்கியைக் கழற்றினாள். உதறினாள், தூசி முதலாளி பக்கம் போயிற்று. அது தற்செயலா என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். நேராக அச்சு அலமாரிக்குப் போனாள். தன் வயிற்று அச்சை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய்! அச்சு பட்டறையோடது!"

"பிளாஸ்டர்தான் பட்டறையோடது. சுரண்டி எடுத்துக்கிட்டு, என் வயித்தை என்கிட்டக் கொடுங்க. இல்லாட்டி வழியை விடுங்க."

யாரும் சுரண்ட வரவில்லை.

அந்த அச்சை வேறு எப்படியும் பிடிக்க முடியாது. வயிற்றோடு அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதன் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். உட்கார்ந்திருந்த ஒருவர் பதறி எழுந்தார். "உட்காருங்கம்மா, இந்த நிலைமையில ஏன் தனியா வர்றீங்க?" அவள் உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் அடக்கி அடக்கிச் சிரித்தாள். வேலை போய்விட்டது என்பது இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் அச்சை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

கணவர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, தொட்டியா?"

"என் வயிறு."

"பள்ளமா இருக்கே?"

"அச்சுன்னா அப்படித்தான். போய் உங்க தகரக் கூரையைப் பாருங்க."

அவர் போகவில்லை. அச்சின் உள்பக்கம், தொப்புளுக்குக் கீழே இருந்த குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "வேலை போனா போகட்டும், விடு" என்றார்.

பட்டறையில் நடந்ததைப் பெயின்ட்காரி மறுநாள் ஓடி வந்து சொன்னாள். முதலாளி, பொம்மையைத் தேய்த்துக் கொடுங்கள் என்று அச்சுக்காரரிடம் கேட்டிருக்கிறார். "ஆம்பளை வயித்தை ஒட்டி வெச்சு அசிங்கப்பட்டது போதும், நான் கை வைக்க மாட்டேன்" என்று அவர் மேசையைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். உடனே முதலாளியே முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முரட்டுத் தாளை எடுத்திருக்கிறார். ஒரே இடத்தில் வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்தினாரா, ஃபைபர் நார் மயிர் மாதிரி எழும்பி, கடைசியில் அடிவயிற்றில் ஓட்டை விழுந்துவிட்டது.

"இருந்தது ஒரே ஒரு வார்ப்பு, அதுவும் போச்சுக்கா. உடம்பெல்லாம் நார் குத்தி மனுஷன் கதவு நிலையில முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கறாரு!"

சாயங்காலம் முதலாளியே வந்தார். முழங்கையைச் சொறிந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கடை திறக்கப் போகுதும்மா. ஒரு வழிக்கு வாயேன்."

"நான் ஒரே வழியிலதான் நிக்கறேன் முதலாளி."

அவர் கிண்ணத்தில் விரலை முக்கினார். தடவினார். வெகுநேரம் தடவினார்.

"சரி. எடுத்தது எடுத்தபடி. நாளைக்கே வேலைக்கு வந்துடு. கடைக்காரர்கிட்டப் பேசிட்டேன். துணி எப்படி மாட்டறதுங்கறது மட்டும் அவரு இஷ்டம்னு சொல்லிட்டாரு."

"துணி அவரோடது. அவரு இஷ்டம்." அச்சைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "பார்த்துத் தூக்குங்க. வயித்தோட அணைச்சுப் பிடிச்சாத்தான் நிக்கும்."

கடை திறந்த அன்று கணவரோடு போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ஆண் பொம்மைகள் வரிசையாக நின்றன, சட்டை மார்போடு நின்றுவிட, கட்டுகளைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் பெண் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் தொடை வரை தொங்கும் நீளச் சட்டை. ஒன்றில்கூட வயிறு தெரியவில்லை.

"அடேங்கப்பா" என்றார் கணவர். "போர்த்தி வெச்சுட்டான்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காட்சி மேடையின் ஓரத்தில் காலை வைத்து ஏறினாள். முதல் பொம்மையின் சட்டை விளிம்பைப் பிடித்து, சீராகச் சுருட்டி, மார்புக்கு அடியில் இறுகச் செருகினாள். பள்ளக் கோடு வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குக் கீழே அந்த வளைவும் வந்தது.

விற்பனைப் பெண் ஓடிவந்தாள். "அக்கா! அக்கா! பொம்மையைத் தொடக் கூடாது!"

"என் வயிறு. நான் தொடுவேன்."

அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அவள் கை ஏற்கெனவே இரண்டாவது சட்டைக்குப் போயிருந்ததைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க கடைக்காரர் வந்தா சட்டையை இறக்கி விட்டுடுவாருக்கா" என்றாள்.

"இறக்கட்டும். நான் வேலைக்குப் போற வழிதான் இது. நாளைக்கும் வருவேன்."

வெளியே கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்ற கணவர், கடைசியில் இருந்த பொம்மையை விரலால் காட்டி, அதை விட்டுவிடாதே என்று சைகை செய்தார். அவள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.